ஐந்தாம் நாள் கணக்கு

முதல் குழந்தைக்காக என் வயிற்றை அறுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வலி காலை ஆறு மணிக்குத் தொடங்கியது. பகல் இரண்டரைக்கு வாணியம்பாடி நர்சிங் ஹோம் ஒன்றில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "தண்ணி கம்மியா இருக்கு, வெயிட் பண்ண முடியாது" என்றார். கையெழுத்தை என்னிடம் கேட்கவில்லை. வராந்தாவில் நின்றிருந்த என் கணவரிடம் நீட்டினார்கள். அவர் படித்துப் பார்க்காமல் போட்டார். பனிக்குடத்தில் தண்ணீர் உண்மையிலேயே குறைவாக இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று காலை எடுத்த ஸ்கேனில் அப்படி எழுதியிருக்கவில்லை. அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது.

சிசேரியனுக்கு நான் எதிரி அல்ல. அது இல்லாவிட்டால் இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள் என்று சொல்லக்கூடிய இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். எனக்கு நடந்த விதம்தான் எனக்கு ஆகவில்லை. ஒன்பதாம் நாள் தையலில் சீழ் பிடித்தது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு இருமினேன். இருபத்து மூன்று நாட்கள் யாராவது கைகொடுக்காமல் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. முதல் பிரசவம் என்பதால் ஆலங்காயத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். பார்க்க வந்த மாமியார், நான் எழுவதை நாற்காலியில் உட்கார்ந்தபடி முழுதாகப் பார்த்தார்.

"நாங்கல்லாம் பெத்துட்டு பத்தா நாளு பீடி சுத்த உக்காந்துட்டோம். இப்ப இருக்கறதுங்களுக்குப் படுத்துக்கினே பெத்துக்கணும், படுத்துக்கினே துன்னணும்."

அவர் பேரணாம்பட்டுக்காரர். பீடி சுற்றியே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை.

இரண்டு வருடம் ஏழு மாதம் கழித்து இரண்டாவது குழந்தை உண்டானபோது, குழந்தைக்கு ஆபத்து என்றால் தவிர இன்னொரு முறை என்னை அறுக்க விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் ஃபைனல் செக்கிங்கில் எனக்கு வேலை. என் பக்கத்து மேஜையில் இருந்தவள்தான், தன் அக்காவை உதாரணம் காட்டி, அது நடக்கக்கூடிய காரியம் என்று முதலில் சொன்னாள். "எங்க ஆபாவுக்கு மொதோ ஆபரேஷன், ரெண்டாவது நார்மல். நல்ல டாக்டரா பாரு, பேஜார் பண்ணிக்காத." பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். அபாயம் என்ன என்றும் படித்தேன். பழைய தையல் கர்ப்பப்பையில் பிரியக்கூடும். அப்படி நடப்பது அரிது. நடந்துவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் நிமிடக் கணக்குதான்.

ஆம்பூரில் பார்த்த டாக்டர் ஒரே பேச்சில் முடித்தார். "ஒரு தடவை சிசேரியன்னா அடுத்ததும் அதான். தேதி குறிச்சிக்கலாம்." மாமியாருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. படுத்துக்கொண்டே பெறுவதைப் பழித்தவர், இப்போது கட்சி மாறிவிட்டார்.

"ஒருவாட்டி கிழிச்சாச்சி. அதே எடத்துல இன்னொருவாட்டி கிழிச்சா இன்னா? நீ இன்னா கண்ணாடியா?"

நான் வேலூர் சத்துவாச்சாரியில் வேறொரு டாக்டரைக் கண்டுபிடித்தேன். அவரிடம் போவதற்குள் ஒரு தவறு நடந்து, காகிதத்தில் ஏறியும்விட்டது.

எங்கள் வீட்டில் மாதவிலக்கு வந்தால் நான்கு நாட்கள் நான் சமையலறைக்குள் போகக் கூடாது. அந்த நான்கு நாளும் கம்பெனிக்குப் போய் நூற்றுக்கணக்கான ஷூக்களைத் தொட்டுத் திருப்பிப் பார்க்கலாம். வீட்டில் ஒரு டம்ளரைத் தொடக் கூடாது. ஐந்தாம் நாள் தலைக்குக் குளித்த பிறகுதான் அடுப்படி எனக்குத் திறக்கும். அந்த ஐந்தாம் நாளை மாமியார் சமையலறைக் காலண்டரில் குங்குமப் பொட்டு வைத்துக் குறித்துக்கொள்வார். சமையல் அவர் கையிலிருந்து என் கைக்கு மாறும் நாள் அல்லவா, அது அவருக்கு முக்கியம். முதல் நாளை அவர் குறிப்பதில்லை. அது என் நோட்டில் இருக்கும்.

கர்ப்பத்தைப் பதிவு செய்ய சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்தபோது நான் வேலையில் இருந்தேன். கடைசி மாதவிலக்கு எப்போது என்று அவர் கேட்டிருக்கிறார். மாமியார் காலண்டரைப் புரட்டி, குங்குமப் பொட்டு இருந்த நாளைச் சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் எண்ணத் தொடங்குவது முதல் நாளிலிருந்து. என் மாமியாருக்கும் அவர் வயதுப் பெண்களுக்கும் கணக்கு தலைக்குக் குளித்த நாளிலிருந்து. நர்ஸ் அதைத் துருவிக் கேட்கவில்லை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டையில் தேதி நான்கு நாட்கள் பிந்தி ஏறிவிட்டது. அப்படியானால் பிரசவத் தேதியும் நான்கு நாட்கள் பிந்தும்.

மாலை வந்ததும் அட்டையைப் பார்த்தேன். மறுநாள் நர்ஸுக்கு ஃபோன் செய்தேன்.

"நாலு நாளுதானம்மா? கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சி. தப்புன்னா ஸ்கேன்ல தெரிஞ்சிரும்."

ஸ்கேனில் தெரியத்தான் செய்தது. குழந்தையின் வளர்ச்சி நான்கு நாட்கள் முந்தியே காட்டியது. ஆனால் இந்த அளவு வித்தியாசத்துக்கெல்லாம் தேதியை மாற்ற மாட்டார்களாம். அட்டைத் தேதியே நின்றது.

ஐந்தாம் மாதம் நானும் கணவரும் மாமியாரும் சத்துவாச்சாரி டாக்டரிடம் போனோம். ஐம்பது வயதிருக்கும், சிரிக்காத பெண்மணி. பழைய ஆபரேஷன் காகிதத்தை இரண்டு முறை படித்தார். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போட்ட தையல் என்பதால் முயன்று பார்க்கலாம் என்றார். நிபந்தனைகளை விரல் மடக்கிச் சொன்னார்.

"வலி வர ஊசி போட மாட்டேன். தானா வரணும். வந்த உடனே இங்க இருக்கணும். டேட் தாண்ட விடமாட்டேன். டேட் அன்னிக்குக் காலையில வலி இல்லன்னா அன்னிக்கே ஆபரேஷன். இதுக்கு ஒத்துக்கிட்டா கேஸ் எடுக்கறேன்."

ஒத்துக்கொண்டேன். பிறகு, "மேடம், அட்டையில இருக்கற தேதி..." என்று தொடங்கினேன்.

"நான்தான் காலண்டர்ல குறிச்சி வெச்சேன் டாக்டரம்மா" என்று மாமியார் குறுக்கே வந்தார். "இவ வேலைக்குப் போறவ, இவளுக்கு இன்னா தெரியும்?"

"பெரியவங்க கரெக்டா சொல்றாங்க இல்ல, விடுங்க" என்றார் டாக்டர். அவர் பேனா அடுத்த வரிக்குப் போய்விட்டது.

அன்று கோபத்தில்தான் வாயை மூடினேன். யோசித்து மூடவில்லை. ஏழாம் மாதத்தில், செக்கிங் மேஜையில் ஒரு லாட்டின் தேதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புத்தியில் பட்டது. அட்டைப்படி கெடு ஒரு திங்கட்கிழமை. என் நோட்டுப்படி அதற்கு முந்தைய வியாழன். மாமியாரின் தவறு எனக்கு நான்கு நாட்களைக் கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு நான் மூடிக்கொண்டிருந்தது கோபத்தால் அல்ல.

வலி வந்தால் ஆம்பூரிலிருந்து ஓடிவர முடியாது என்று, கெடுவுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெருவில் ஒரு அறை எடுத்தோம். வெளியூர் நோயாளிகளின் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடும் அறை. ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு ஜன்னல். மூத்தவனை ஆலங்காயத்தில் அம்மாவிடம் விட்டிருந்தேன். அறையில் நான், கணவர், மாமியார். மாமியார் மாடிப்படியில் உட்கார்ந்து பக்கத்து அறைக்காரர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அறுத்தா அரை மணி நேரம். இவ வலி வரணும்னு காத்துக்கினு கீறா. வலிய விலைக்கு வாங்கறவள நீங்க பாத்துக்கீறீங்களா? வந்து பாத்துட்டுப் போங்க."

புதன்கிழமை கடைசிப் பரிசோதனை. கர்ப்பப்பை வாய் இன்னும் திறக்கவில்லை. டாக்டர் பழைய ஸ்கேனையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்த முறை நேராக என்னிடமே கேட்டார்.

"முதல் ஸ்கேன்ல நாலு நாள் முன்னாடி காட்டுது. எல்.எம்.பி. தேதி சரிதானே? நல்லா யோசிச்சு சொல்லுங்க. அது தப்புன்னா நாளைக்கே ஆபரேஷன்."

எல்.எம்.பி. என்றால் கடைசி மாதவிலக்கின் முதல் நாள். அது என் கைப்பையில் இருந்த நோட்டில், என் கையெழுத்தில் இருந்தது.

"சரிதான் மேடம்" என்றேன்.

"என் குறி தப்பவே தப்பாது" என்றார் மாமியார், நாற்காலியில் நிமிர்ந்து.

ஒரு தேதியைத் தெரிந்தே நான் தவறாகச் சொன்னது அதுதான் முதல் முறை. வியாழக்கிழமை கடந்தது. கெடு முடிந்துவிட்டது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். பயம் இல்லை என்று எழுதினால் அது இரண்டாவது பொய். ஒருக்களித்துப் படுத்து குழந்தையின் அசைவுகளைப் பத்து வரை எண்ணுவேன், நேரத்தைக் குறிப்பேன், மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். ஒரு மணி நேரத்தில் பத்து வராவிட்டால் எதிர்த்தெருவுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று எனக்கு நானே விதித்திருந்தேன். ஒவ்வொரு முறையும் பத்து வந்தது. தாழ்வாரத்தில் மணிக்கணக்காக நடந்தேன். மாமியார் மிளகு ரசம் வைத்து, "துன்னு, வலி வருதான்னு பாப்போம்" என்று என் முன்னால் தட்டை நகர்த்துவார். பொய்யும் அபாயமும் என்னுடையவை. தேதி மட்டும் அவருடையது. அவர் முகத்தைப் பார்க்கும்போது எனக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை. ஒரு குரூரமான திருப்திதான் இருந்தது.

சனிக்கிழமை மதியம் நடந்து முடித்து அறைக்குள் வந்தபோது, கணவர் கட்டிலில் என் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி ரசீது தேடினாராம். மாமியார் கீழே கடைக்குப் போயிருந்தார்.

"இன்னா இது? டேட்டு வியாழக்கிழமையேன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அப்ப டேட்டு தாண்டிடுச்சா?"

"ரெண்டு நாள் தாண்டிடுச்சி."

அவர் எழுந்துவிட்டார். "உனுக்கு இன்னா பைத்தியமா? புள்ளைக்கு எதுனா ஆச்சின்னா? இப்பவே போயி டாக்டராண்ட சொல்றேன்."

"போய்ச் சொல்லுங்க. அட்டையில தப்புத் தேதி குடுத்தது யாருன்னு கேப்பாங்க. எங்கம்மாதான், அவங்களுக்கு மொதோ நாளுக்கும் குளிச்ச நாளுக்கும் வித்தியாசம் தெரியலன்னு சொல்லுங்க. அவங்க எதிர்லயே சொல்லணும். அன்னிக்கி என் குறி தப்பாதுன்னு உக்காந்துக்கினு இருந்தாங்க இல்ல?"

அவர் செருப்பை ஒரு காலில் மாட்டியபடியே நின்றார்.

"நீ ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னேன். என்னை யாரு பேச வுட்டீங்க? நர்ஸாண்ட சொன்னேன், நாலு நாளுதானன்னாங்க. டாக்டராண்ட வாயத் தொறந்தேன், உங்கம்மா மூட வெச்சாங்க. நீங்க செல்லு பாத்துக்கினு இருந்தீங்க. மொதோ தடவ படிக்காம கையெழுத்துப் போட்டீங்க, அப்பவாவது என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எதுனா ஆச்சின்னா நான் உன்ன சும்மா வுட மாட்டேன்."

"எதுனா ஆச்சின்னா வுடறதுக்கு நான் இருந்தாத்தானே?"

படியில் மாமியாரின் காலடி கேட்டது. கணவர் செருப்பைக் கழற்றினார். என் மேல் உள்ள பிரியத்தால் அல்ல. தன் அம்மாவை ஒரு டாக்டர் முன்னால் தலைகுனிய வைக்க அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு இடுப்பில் முதல் வலி. ஒன்பது மணிக்கு எட்டு நிமிடத்துக்கு ஒன்று என்று வந்தது. ஒன்பது நாற்பதுக்குப் பிரசவ அறையில் இருந்தேன். குழந்தையின் துடிப்பைக் கேட்க வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட்டைக் கட்டினார்கள். ஒவ்வொரு வலியையும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, பரீட்சையா எழுதிக்கினு இருக்க? மொதோ ஆபரேஷன் பண்ணிட்டு இப்ப வந்து நார்மல் வேணும்னு ஞாயித்துக்கெழமயில எங்க உயிர வாங்கற. ஆபரேஷன் ரூம வேற ரெடியா வெச்சிருக்கணும் உனக்கு."

நோட்டைப் பிடுங்கி மேஜை மேல் வைத்துவிட்டார். கால் மணிக்கொரு முறை வந்து அடிவயிற்றை அழுத்தி, "தையல் போட்ட எடத்துல வலிக்குதா? வலி இல்லாத நேரத்துலயும் அங்க வலிக்குதா?" என்று கேட்பார். இல்லை என்பேன். அது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் விரல் அங்கே படும்போது, உள்ளே ஒரு நூல் அறுவதாக எனக்குத் தோன்றும். இரண்டு மணிக்குமேல் வலி என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அப்போது நான் டாக்டரையும் நர்ஸையும் கணவரையும் மாமியாரையும் வரிசையாக, சத்தமாக, எனக்கே தெரியும் என்று எனக்குத் தெரியாத வார்த்தைகளால் திட்டினேன். நர்ஸ் மட்டும் சிரித்தார். "திட்டு, திட்டு. மூச்ச அதுல வுடாத, கீழ வுடு."

நாலரைக்கு டாக்டர் ஏதோ கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு வந்து, அதன் மேலேயே கவுனைப் போட்டுக்கொண்டார். "துடிப்பு நல்லா இருக்கு. அரை மணி நேரம் தர்றேன். அதுக்குள்ள தலை இறங்கலன்னா அந்த ரூம்" என்று பக்கத்து அறைக் கதவைக் காட்டினார். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே முக்கினேன். ஏதோ சாமியை நினைத்தேன் என்று எழுத ஆசைதான். நான் நினைத்தது அந்தக் கதவின் தாழ்ப்பாளை. கிழிவது போல எரிந்தது, பிறகு வழுக்கிக்கொண்டு எல்லாம் வெளியே போனது. அறைக் கடிகாரத்தில் ஐந்து இருபது. பெண் குழந்தை. அவள் அழுததற்குப் பிறகுதான் மற்றவர்கள் பேசினார்கள். கீழே மூன்று தையல் போட்டார்கள். டாக்டர் கையை உள்ளே விட்டுப் பழைய தையலைத் தடவிப் பார்த்து, "முழுசா இருக்கு" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து யார் கையையும் பிடிக்காமல் எழுந்து குளியலறைக்குப் போனேன். நடையில் நின்ற மாமியாரைக் கடந்துதான் போனேன். வேண்டுமென்றேதான் மெதுவாகப் போனேன்.

இதோடு விட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை, வீட்டுக்கு அனுப்பும் நாள். டாக்டர் வார்டுக்கு வந்தார். பின்னால் பயிற்சி நர்ஸுகள் மூன்று பேர். கணவரும் மாமியாரும் கட்டிலருகே நின்றிருந்தார்கள். டாக்டர் என் காகிதத்தைக் கையில் எடுத்து அந்தப் பெண்களிடம் சொன்னார்:

"இந்த கேஸ் நோட் பண்ணிக்கோங்க. முதல்ல சிசேரியன், இப்ப நார்மல். முப்பத்தொன்பது வாரம் ஆறு நாள், டேட்டுக்கு முன்னாடியே தானா வலி வந்துடுச்சு. அதான் நான் டேட் தாண்ட விடறதே இல்ல. நல்லபடியா வரவேண்டியது டேட்டுக்குள்ள வந்துடும்."

மூன்று பெண்களும் அதை எழுதினார்கள். என்னைச் சாட்சியாக வைத்து ஒரு பொய்யை மூன்று நோட்டுகளில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் படுத்திருக்க முடியவில்லை.

"மேடம், அது நாப்பது வாரம் மூணு நாள்" என்றேன். "அட்டையில இருக்கறது தலைக்குக் குளிச்ச நாள். டேட் வியாழக்கிழமையே முடிஞ்சிடுச்சி."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமியாருக்குப் புரியவே ஒரு கணம் ஆனது. "குளிச்ச நாளுதான் கணக்கு!" என்று குரலை உயர்த்தினார். "தீட்டு நாள எவ கணக்குல சேப்பா? எங்க மூணுத்துக்கும் அப்டித்தான் எண்ணினேன்!"

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. "புதன்கிழமை நான் உங்ககிட்ட கேட்டேன்."

"ஆமா."

"தெரிஞ்சே சொன்னீங்க."

"தெரிஞ்சேதான். உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க வியாழக்கிழமை அறுத்திருப்பீங்க."

"அறுத்திருப்பேன். ஞாயித்துக்கெழமை தையல் பிரிஞ்சிருந்தா? தப்புத் தேதிய நம்பி நான் கல்யாண வீட்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பேன். உங்க புள்ளைய எடுக்க எனக்கு எவ்ளோ நிமிஷம் இருந்திருக்கும்னு நெனச்சீங்க?"

அவர் கேட்டது சரியான கேள்வி. திரும்ப அந்தப் புதன்கிழமை வந்தால் நான் என்ன சொல்வேன் என்று கேட்டால், அதே பதிலைத்தான் சொல்வேன் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"இனிமே எதுக்கும் என்கிட்ட வராதீங்க" என்றார். "பொய் சொல்ற பேஷன்ட்டுக்கு நான் டாக்டர் இல்ல."

"சரிங்க மேடம். காகிதத்துல மட்டும் திருத்திக் குடுத்துடுங்க."

பயிற்சி நர்ஸ் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பேனாவை எடுத்தார். முப்பத்தொன்பதையும் ஆறையும் காகிதம் கிழிகிற மாதிரி அடித்தார். மேலே புதிய எண்களை எழுதி, பக்கத்தில் 'நோயாளி சொன்னபடி' என்று சேர்த்துக் கையெழுத்திட்டுக் கட்டிலில் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். மாமியார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் காகிதத்தை எடுத்து, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தார்.